முடிப்பு வரி

எங்கள் பல்கலைக்கழகக் கேன்டீனில் மார்ச் மாதம் மட்டும்தான் நல்ல டீ கிடைக்கும். வசந்த கலைவிழாவுக்கு வெளியாட்கள் வருவார்கள் என்று பால் கூடுதலாக வாங்குவார்கள். நீங்கள் இப்போது வரவழைத்துத் தந்த டீயும் நன்றாக இருக்கிறது, மேடம். விசாரணைக் குழுவுக்கும் அதே பால்தான் போலிருக்கிறது.

அழைக்காமல் வந்து பேசுவது எனக்குப் பழக்கமில்லை. எம்.எஸ்சி. விலங்கியல் வகுப்பில் நானாக எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் தாணுமாலயன் சாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். விழாப் பொறுப்பாளர் அவர். மேடைக்கு அருகில் ஆம்புலன்ஸ் நிறுத்தவில்லை என்பது அவர் மேலுள்ள குற்றச்சாட்டு. அபினாவுக்கு இதய நோய் இருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் இறந்ததில் அவருக்குப் பங்கில்லை. யாருக்குப் பங்கு என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அபினாவும் நானும் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரே கடற்கரை ஊர். எங்கள் கோயில் திருவிழாவில் களியல் ஆடுவார்கள். நடுவில் விளக்கு. சுற்றி ஆட்கள், ஆளுக்கு இரண்டு கம்பு. ஓரமாக ஒருவர் கைத்தாளம் தட்டிப் பாடுவார். பாட்டு வேகம் பிடித்தால் ஆட்டமும் வேகம் பிடிக்கும். ஆடுகிறவர் தானாக நின்றுவிட முடியாது. நின்றால் பக்கத்தில் ஆடுகிறவரின் கம்பு முகத்தில் விழும். பாடுகிறவர் முடிப்பு வரியைப் பாட வேண்டும், அப்போதுதான் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் மட்டுமே ஆடி வந்தார்கள். இந்த வருடக் கலைவிழாவில் பெண்களை வைத்து ஆட வேண்டும் என்று அபினா கிளம்பினாள். பாட என்னைக் கேட்டாள். என் அப்பா களியலுக்குப் பாடுகிறவர். கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஜனவரியில் அவள் விடுதிப் படியில் மயங்கி விழுந்தாள். நான்தான் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, நடக்கலாம், ஓடக் கூடாது, மூச்சிரைக்கும்படி எதுவும் செய்யக் கூடாது என்றார் டாக்டர். அவர் சொல்லாமல் விட்டதையும் நான் புரிந்துகொண்டேன். பாடத்தில் இருக்கிறது.

வெளியே வந்ததும் அபினா சொன்னாள்.

“அம்மையிட்ட சொல்லிராத மக்கா. தெரிஞ்சுதுன்னா ரெண்டு கம்பையும் மீன்சட்டிக்கு அடியில வச்சு எரிச்சிருவா.”

“ஆடாம இருக்கலாமே.”

“ஆடத்தான் செய்வேன். நீ மெதுவாப் பாடு. கடைசியில மட்டும் கொஞ்சம் முறுக்கு, போதும். எனக்கு முடியலன்னா உன்னயப் பார்ப்பேன். பார்த்ததும் முடிச்சிரணும், கேட்டியா?”

“கேட்டேன்.”

இதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. வேறு யாருக்கும் தெரியாது.

ஒத்திகைகளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் பார்ப்பாள், நான் முடிப்பேன். எட்டுப் பெண்களும் ஒரே நொடியில் நிற்பார்கள். அதற்கு முன் என் குரலுக்கு யாரும் நின்றதில்லை. கடையில் நான் சில்லறை கேட்டால்கூட இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும்.

கலைவிழாவின் முதல் நாள் தனிநடிப்புப் போட்டி. அபினா மேடையேறி ஒரு கூச்சக்காரப் பெண் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதை நடித்தாள். துப்பட்டா நுனியைச் சுருட்டினாள், தோளைக் குறுக்கினாள், உதட்டை அசைத்தாள். உடனே கண்டக்டராக மாறி, “யாருட்டி பேசுனது? பஸ்ஸா?” என்றாள். அரங்கம் அதிர்ந்தது. அந்தப் பெண் இறங்க வேண்டிய இடத்தில் விசில் ஊதச் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசி நிறுத்தம்வரை போய், திரும்பி நடந்தே வருவாள். எங்கள் துறை வரிசையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு முதல் பரிசு.

இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, கோவமா?”

“இல்ல.”

“உன்னயத்தான் செஞ்சேன். கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சேன்.”

“எல்லாரும் எப்பிடி ரசிச்சாவ பாத்தியா? நீ ஸ்டாராயிட்ட மக்கா.”

அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதை நான் அப்போதே ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு மனுஷியை அத்தனை பேர் முன்னால் அப்படி ஆக்கினால் அதற்கு ஏதாவது விளைவு இருக்கத்தான் செய்யும். இது உங்களுக்கும் நியாயமாகப் படும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மாலை களியல். நான் மேடையின் ஓரத்தில் நின்றேன், வெளிச்சம் என்மேல் படவில்லை. தொடக்கம் மெதுவாகத்தான் பாடினேன். பிறகு கொஞ்சம் முறுக்கினேன். ஒத்திகையில் வைத்த வேகத்தைத் தாண்டியதும் பெண்கள் உற்சாகமாகிவிட்டார்கள். கீழே கைதட்டல் தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

அபினா சுற்றி என் பக்கம் வந்தபோது பார்த்தாள், சிரித்தபடி. அதனால் அதைச் சும்மா பார்த்ததாக வைத்துக்கொள்ள இடமிருந்தது. அடுத்த சுற்றில் சிரிக்கவில்லை. உதட்டோரம் வெளிறியிருந்தது. நான் பாடினேன். அதற்கடுத்த சுற்றில் விளக்கைப் பார்க்கவில்லை, கம்பைப் பார்க்கவில்லை, வட்டம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. எனக்கு அது என்னவென்று தெரியும். இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன்.

அவள் விழுந்தபோது ஆட்டத்தில் அது ஒரு அடவு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். நான் முடிப்பு வரியைப் பாடினேன். பாடாமல் விடக் கூடாது, அது முறை. அதற்குப் பிறகுதான் மற்ற பெண்கள் நின்று குனிந்து பார்த்தார்கள். தாணுமாலயன் சார் செருப்பில்லாமல் ஓடிவந்தார். அவருடைய காரிலேயே கொண்டுபோனார். வழியில் போய்விட்டாள்.

அடக்கத்தன்று அவளுடைய அம்மா குளோரி மாமி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நீ கூட இருந்தியே மக்களே. பிள்ள எதாவது சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லல மாமி.”

அது பொய்யல்ல. அவளுக்குக் குரல் வரவில்லை.

ஆக, காரணம் அந்தத் தனிநடிப்பு. முந்தின நாள் அவள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் நான் முதல் பார்வையிலேயே முடித்திருப்பேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். சாரை வேலையில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று கேட்டீர்கள். ஒத்திகை வீடியோவில் இல்லாத பாட்டு அடிகள் மேடை வீடியோவில் இருக்கின்றன, அவை எங்கிருந்து வந்தன என்று. ஆமாம், பாட்டு ஒத்திகையில் சின்னது. முடிக்காமல் வேகமாக நீட்டிப் பாட எனக்கு அடிகள் போதாது என்று நானே எழுதிச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் மெட்டிலேயே உட்காரும்படி எழுதினேன். தாளம் எங்கேயும் தப்பாது.

எழுதிய இடம் நன்றாக நினைவிருக்கிறது. ஊருக்குப் போகும்போது மண்டைக்காட்டில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கூட்டம், பஸ் நகரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் அடித்தேன். ஒரே இருப்பில் வந்துவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் கொடை கலைவிழாவுக்கு முன்பே முடிந்துவிட்டதே. அபினா என்னை நடித்துக்காட்டியது அதற்கெல்லாம் பிறகு.

கொஞ்சம் இருங்கள், மேடம். தேதி இடிக்கிறது.