வாயில்லாத முகம்

பேய்ப் பட போஸ்டரில் பேயைக் காட்டக் கூடாது. வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். காட்டிவிட்டால் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவான். காட்டாவிட்டால் டிக்கெட் வாங்குவான். நிறைய இருட்டு, நடுவில் ஒரு முகம், அதுவும் பக்கத்து வீட்டு முகம். அவ்வளவு போதும், ஐயா.

ஓக்சுன் சித்தியை எனக்குச் சுங்மூரோ ரயில் நிலையச் சுவரால்தான் தெரியும். வாசலில் கிம்பாப் என்னும் சோற்றுச் சுருள் விற்பவள். காணாமல் போன மகள் தாஹேயின் நோட்டீஸை அந்தச் சுவரில் ஒட்டுவாள். அதன்மேல் எங்கள் ஆட்கள் சினிமா போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உன் பேய் என் பொண்ணு மூஞ்சி மேலயே உக்காந்திருக்கு. அதுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

போஸ்டரைக் கிழித்தேன். அடியில் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேடிக்கொண்டிருந்த முகம்.

அடுத்த போஸ்டருக்கு மகளின் படத்தைக் கேட்டபோது சித்தி தயங்கவே இல்லை. ஊரே பார்க்குமே என்றாள். "கீழ என் நம்பரப் போட்டுடுப்பா. அது போதும்."

தாயின் நம்பர் யாரையும் பயமுறுத்தாது. கம்பெனி நம்பரைப் போட்டேன். கூப்பிட்டால் ஒரு பெண் மூச்சுவிடும் சத்தம் கேட்கும், பிறகு நீங்கள் பேசுவது பதிவாகும். தகவல் வந்தால் சொல்கிறேன் என்று சித்தியிடம் சொன்னேன். தாஹேயின் வாயை அழித்தேன். கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும்படி கண்ணைத் திருத்தினேன். அப்படிப்பட்ட கண் ஆகாது என்று எங்கள் நாட்டில் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். காதை மட்டும் தொடவில்லை. தொடத் தேவையில்லை.

ஊரே கூப்பிட்டது. சிரித்தார்கள், ஊளையிட்டார்கள். "ஏய் பேயே, சாப்டியா?" என்று ஒருவன் அக்கறையாக விசாரித்தான். எல்லாவற்றையும் கேட்பது என் வேலை. படம் வெளியாவதற்கு முந்தின நாள், சொக்சோ என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு பெண் பேசியிருந்தாள்.

"இது வெளாட்டா நெசமான்னு தெரியல. இந்தப் பொண்ணு எங்க துறைமுகத்துல மீன் சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுது. காது மடல்ல அதே மச்சம். மொதலாளி வெளிய விட மாட்டேங்கிறான். யாராச்சும் சீக்கிரம் வாங்க."

யோசித்துப் பாருங்கள், ஐயா. கிடைத்துவிட்ட பெண்ணின் முகத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? முதல் வாரம் போகட்டும் என்று இருந்தேன். கூட்டம் நன்றாக இருந்ததால் இரண்டாவது வாரமும் போனது. அதன்பிறகு நானே சொக்சோவுக்குப் போனேன். அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. கடை பூட்டியிருந்தது. துறைமுகத்தில் உங்கள் போலீஸ் ஆட்கள் ஒரு தார்ப்பாயைச் சுற்றி நின்றிருந்தார்கள். முகம் உப்பி, அடையாளம் தெரியாமல் போயிருந்தது. காது அப்படியே இருந்தது.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. நல்ல குரல், அடுத்த படத்துக்கு ஆகும் என்று வைத்திருந்தேன். அதனால்தான் உங்களுக்கும் கிடைத்தது.

அஞ்சலிக் கூடத்தில் வைக்கச் சித்தியிடம் வேறு படம் இல்லை. அசல் என்னிடம் இருந்தது. வாயோடு பெரிதாக்கி, கறுப்பு நாடா கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஊரே பாத்துச்சே தம்பி. ஒருத்தர்கூடவா கூப்பிடல?"

"இல்ல சித்தி."

அவள் மனசு நோகக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன்.