பன்னிரண்டாவது கேள்வி

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் சுத்தம் பார்ப்பவன். வீட்டில் எனக்கென்று தனிக் குவளை உண்டு. என் மனைவி அதில் வாய் வைத்துவிட்டால்கூட, கழுவிய பிறகுதான் தொடுவேன். இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, ஐயா. வாக்குமூலத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றீர்கள். இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

என் பெயர் ஜிம்தோலா. பிறந்தது தோபாவில், படித்தது தலைநகரில். நம் சாட் நாட்டில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியபோது, அதில் வரும் பணம் பெரியவர்களின் மாளிகைகளாக மாறிவிடக்கூடாது என்று ஒரு மேற்பார்வைக் குழுவை அமைத்தார்கள். அதில் நான் ஆய்வாளன். எண்ணெய்ப் பணத்தில் கட்டியவற்றை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இருக்கிறது அல்லது இல்லை என்று எழுத வேண்டும். எப்படிப் பார்ப்பது, எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க வடக்கே குளிர்நாட்டிலிருந்து டோர்ஸ்டன் என்ற ஆலோசகர் வந்தார்.

நல்ல மனிதர். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். காவலாளியின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். ஆனால் எங்களோடு உட்கார்ந்து கம்பங்களியைக் கையால் பிட்டுத் தின்பார். வெண்டைக்காய்க் குழம்பு மணிக்கட்டு வரை கோழையாக வழியும்; அதை நக்கிக்கொள்வார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

"காசு எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே இருந்தா ஆயுசு போயிடும், ஜிம்தோலா. காசு என்னவா ஆச்சுன்னு போய்ப் பாருங்க" என்பார்.

அந்த வருடம் காசு கிணறானது. எண்ணெய் வயல்களைச் சுற்றியிருந்த ஊர்களில் முப்பத்திரண்டு குழாய்க் கிணறுகள். டோர்ஸ்டன் அவற்றுக்கு ஒரு படிவம் தயாரித்தார். ஆழம் சொன்னபடி இருக்கிறதா, கைப்பம்பு வேலை செய்கிறதா, வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பதினொரு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, பழைய திறந்த கிணறு மூடப்பட்டதா என்பது. பழைய கிணறுகளில் தவளையும் குப்பையும் கிடக்கும். மூடுவது நல்லதுதான்.

தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்ற கேள்வியில்தான் அவர் திணறினார். சோதித்துச் சொல்ல நாட்டில் ஒரே ஆய்வுக்கூடம். பதில் வர நான்கு மாதம் ஆகும். பாதி நேரம் இயந்திரம் ஓடாது. அப்போது நான்தான் அவருக்கு நம் வழக்கத்தைச் சொன்னேன். நம்மிடையே ஒருவருக்குக் குடிக்கக் கொடுப்பவர் முதல் வாய் தானே குடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். சோளக் கள் விற்கும் பெண்ணும் அப்படித்தான். கலத்தில் விஷம் இல்லை, என் மனத்திலும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டோர்ஸ்டன் கையிலிருந்த களியைத் தட்டில் வைத்தார். பிறகு, "அப்ப நம்ம ஆளே முதல்ல குடிக்கட்டும். தன் வயித்துகிட்ட எவனும் பொய் சொல்ல மாட்டான்" என்றார்.

ஊரார் முன்னிலையில் ஆய்வாளர் இந்த நீரைக் குடித்தாரா? இதுதான் பன்னிரண்டாவது கேள்வி. ஏதோ வெளிநாட்டுக் கூட்டத்தில் அவர் இதைப் பற்றிப் பேசியபோது எழுந்து நின்று கைதட்டினார்களாம். திரும்பி வரும்போது எனக்கு ஒரு எவர்சில்வர் பிளாஸ்க் வாங்கி வந்தார். அதில் என் பெயர் பொறித்திருந்தது. யோசனை உங்களுடையதுதானே என்றார்.

முதல் ஆறு கிணறுகளில் உண்மையாகவே குடித்தேன். ஆறாவது ஊரில் ஒரு கிழவர் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்தார். விரிசல் விட்ட குடுக்கை, நூலால் தைத்திருந்தது. தையலின் ஒவ்வொரு துளையிலும் கறுப்பாக அழுக்கு. கிழவர் மூக்கைச் சிந்திய கையின் கட்டைவிரல் தண்ணீருக்குள் இருந்தது. சிரித்துக்கொண்டே நீட்டினார். சிரித்துக்கொண்டே குடித்தேன். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

ஏழாவது ஊரிலிருந்து வேறு ஏற்பாடு செய்துகொண்டேன். குடுக்கையை வாங்கி, படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி வண்டியின் மறுபக்கம் கொண்டுபோவேன். அதைக் கொட்டிவிட்டு பிளாஸ்கிலிருந்து என் தண்ணீரை ஊற்றிக்கொள்வேன். சோப்புநீரில் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்த பிறகுதான். திரும்பி வந்து எல்லாரும் பார்க்கக் குடிப்பேன். பெண்கள் குலவையிடுவார்கள். படிவத்தில் ஆம் என்று எழுதுவேன். இருபத்தைந்து ஊர்களில் இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டாவது ஊர் பெகோரோ.

டிசம்பர் மாதம், சோள அறுவடை முடிந்திருந்தது. வரைபடத்தில் கிணறு ஊருக்குக் கிழக்கே மாமரங்களுக்கு அடியில் இருந்தது. தோண்டியவர்கள் மேற்கே, மண் இளகலாக இருந்த இடத்தில் தோண்டியிருந்தார்கள். அங்கிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு கம்பிவேலி. வேலிக்கு அப்பால், எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் கழிவுநீரைத் தேக்கும் பள்ளம். வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதினேன். பள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று படிவம் கேட்கவில்லை.

ஊர்த்தலைவர் லவுக்கேன் கிண்டல் பேர்வழி. "வாங்க வாங்க, எண்ணெய்க்காரவுகளே. பூமிக்கு அடியில இருந்ததெல்லாம் எடுத்துக்கிட்டீங்க. தண்ணியையாச்சும் எங்களுக்கு விட்டு வச்சிருக்கீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நேத்து ஆட்டுக்கு வச்சோம், அண்ணே. மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. ஆடுதானே, அதுக்கு என்ன தெரியும். நீங்க படிச்சவுக. நீங்க குடிச்சா நாங்க குடிக்கிறோம். பழைய கிணத்த இன்னைக்கே மூடிடுறோம்."

கைப்பம்பை அடித்தார்கள். அழுகிய முட்டையின் நாற்றம் முதலில் வந்தது. அதற்கு அடியில் மண்ணெண்ணெய்த் திரியின் நாற்றம். குடுக்கையில் மேலே மெல்லிய படலம் வண்ணவண்ணமாக நெளிந்தது. என் விரலில் பட்டது, வழவழவென்றிருந்தது. வண்டிக்குப் பின்னால் போய் முதலில் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

இல்லை என்று எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். டோர்ஸ்டன் வந்து பார்ப்பார். குடித்தீர்களா என்பார். இங்கே குடிக்கவில்லை என்றால், மற்ற ஊர்களில் எப்படி என்று யாராவது யோசிப்பார்கள். இரண்டு வாரத்தில் வருட அறிக்கை போக வேண்டும். அதில் நம் நாட்டின் பெயர் முதன்முறையாக நல்ல இடத்தில் வரவிருந்தது. ஜனவரியில் ஒரு பயிற்சிக்காக என்னை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடிவாகியிருந்தது. ஒரு சிற்றூரின் நாற்றத்துக்காக இத்தனையையும் கலைப்பதா? குடுக்கையைக் கவிழ்த்தேன். மண் அதை மெதுவாகத்தான் உறிஞ்சியது. பிளாஸ்கைத் திறந்தேன்.

அவர்கள் முன்னால் மூன்று மிடறு குடித்தேன். "நல்லாருக்கு" என்றேன். குலவை கேட்டது. லவுக்கேன் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஒன்பதாவது கேள்விக்காக நான் அங்கேயே காத்திருந்தேன். ஆண்கள் பழைய கிணற்றுக்குள் கல்லும் மண்ணும் கொட்டினார்கள். பிற்பகல் வரை ஆனது. அந்தக் கிணற்றில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. ஆனால் அது படிவத்தில் பழைய கிணறு.

வண்டியில் ஏறப்போகும்போது ஒரு பெண் வந்தாள். பெயர் நேலூம். முதுகில் துணியால் கட்டிய பெண்குழந்தை. மூன்று வயது இருக்கும். தாயின் காது மடலைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது. நேலூம் கையில் ஒரு குடம்.

"அண்ணே, உங்க தண்ணி தீந்திருக்குமே" என்றாள். "குடுக்கையில ஊத்துனீங்கள்ல, பாத்தேன்."

பிளாஸ்கின் மூடியை இறுக்கினேன்.

"யார்கிட்டயும் சொல்லல. வயிறு சரியில்லாதவுகளுக்கு ஊர்த்தண்ணி ஒத்துக்காது. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான், சந்தைக்குப் போனா சொந்தத் தண்ணிதான். சபையில வச்சு அதச் சொல்ல வெக்கமா இருந்திருக்கும்." குடத்தைக் காட்டினாள். "பழைய கிணத்துல கடைசிக் குடம். பழகுன தண்ணி, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. வழிக்கு வச்சுக்கங்க."

பிளாஸ்கை என் கையிலிருந்து வாங்கினாள். ஊற்றி, குலுக்கி, கொட்டினாள். மூன்று முறை. தன் துணியில் அழுக்குப் படாத நுனியைத் தேடி எடுத்து அதன் வாயைத் துடைத்தாள். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படிக் கழுவித் தந்ததில்லை. நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"புதுத்தண்ணி நல்லதுதானே அண்ணே? புள்ளைக்குக் குடுக்கலாம்ல?"

படிவத்தில் இருந்த எல்லாக் கேள்விகளையும்விட அது எளிமையான கேள்வி. "குடுக்கலாம்" என்றேன்.

வழியில் அவள் தந்த தண்ணீரைக் குடித்தேன். இனிப்பாக இருந்தது.

பிப்ரவரியில் லவுக்கேன் கடிதம் அனுப்பினார். வாயெல்லாம் புண், ஆடுகளுக்குக் கரு கலைகிறது என்று எழுதியிருந்தார். கிடைத்தது என்று முத்திரை குத்தி அடுக்கில் வைத்தேன். மார்ச்சில் டோர்ஸ்டன் பெகோரோவுக்குப் போகலாமா என்றார். பாலம் உடைந்திருக்கிறது என்றேன். அந்தப் பாதையில் பாலமே கிடையாது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"நீங்க அங்க குடிச்சீங்கல்ல?"

"குடிச்சேன்."

"அப்ப தண்ணியா இருக்காது" என்று தலையை ஆட்டினார். "வேற ஏதாச்சும் நோயா இருக்கும்." அந்த அளவுக்கு என்னை நம்பினார். பிறகு மருந்துப் பெட்டி ஒன்று அனுப்பி வைத்தார்.

மழை தொடங்குவதற்குள் பதினொரு பேர் இறந்தார்கள். ஏழு பேர் ஐந்து வயதுக்குக் கீழே. நேலூமின் மகள் நான்காவது. பெயர் ரெமாஜி என்று உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மருந்துக்கு நோய் கேட்கவில்லை என்று தெரிந்ததும் டோர்ஸ்டன் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் சட்டையில் அந்த நாற்றம் இருந்தது. சத்தம் போடவில்லை. நான் கையெழுத்திட்ட படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். அந்தக் கேள்வியை எழுதியது என் கைதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது வேலையை விட்டுவிட்டு, வாரத்துக்கு மூன்று முறை பெகோரோவுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறாராம். முதல் குவளையை ஊரார் முன்னால் அவரே குடிக்கிறாராம். உணர்ச்சிவசப்படுகிறவர்.

நேலூமின் வாக்குமூலத்தை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "அவுக மேல தப்பில்ல. அன்னைக்கு அவுகளுக்கு வயிறு சரியில்ல, அதான் குடிக்கல" என்று சொல்லியிருக்கிறாள். மகளைப் புதைத்த பிறகும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். வாசித்து முடித்து நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சோற்றில் கிடக்கும் எதையோ பார்ப்பது போன்ற பார்வை. எனக்கு அந்தப் பார்வை தெரியும், ஐயா. நான் எல்லாரையும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் கெட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நல்லது என்றேன். தெரிந்துதான் நல்ல கிணற்றைத் தூர்க்க வைத்தேன். அவள் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, கொடுக்கலாம் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. நான் கெட்டவன் இல்லை. அருவருப்பு அதிகம் உள்ளவன், அவ்வளவுதான்.

இரண்டே வேண்டுகோள். பெகோரோவிலிருந்து சாட்சியாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கும் அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மூடியிருந்தும் நாறுகிறது.

பிறகு, குடிக்க ஒரு குவளை தண்ணீர் தரச் சொல்லுங்கள். குவளையைக் கழுவித் தரச் சொல்லுங்கள். அவள் கழுவியது போல, மூன்று முறை.