மாப்பிள்ளைக்குக் கட்டிய பின்சக்கரம்

கடையில் அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. நான், என் தம்பி, என் மகள், அவள் கணவர், எங்கள் மெக்கானிக். பஞ்சர் ஒட்ட வந்த தபால்காரரும் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மழை விட்ட காலை, வியாபாரம் மந்தம்.

கடை என் அப்பா ஆரம்பித்தது. வெறும் சைக்கிள் கடைதானே என்பவர்கள் உண்டு. எங்களிடம் சக்கரம் கட்டிக்கொண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வருடா வருடம் நடக்கும் மலைச் சவாரியில் முதலில் மேலே ஏறுவது எங்கள் குடும்பத்து ஆள்தான். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்பா, நான், தம்பி, மகள், எல்லாரும் ஒரே வார்ப்பு. ஒல்லி உடம்பு, நிமிர்ந்த முதுகு.

மாப்பிள்ளை பல் டாக்டர். பெரிய உடம்பு. எங்கள் வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலும் அதன் கால்களை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். மகள் தானாகத் தேடிக்கொண்ட சம்பந்தம். நான் குறுக்கே நிற்கவில்லை. அவரிடம் மரியாதை குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அன்று வந்ததும் வராததுமாக எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். "மாமா, இந்த உடம்பத் தாங்குற மாதிரி மலைக்கு ஒரு சக்கரம் சொல்லுங்க. இந்த வருஷம் நானும் வரேன்."

"லாரி ஷெட்டுல போய்க் கேளுங்க மாப்பிள்ளை, நல்லதா ரெண்டு எடுத்துத் தருவாங்க" என்றான் தம்பி. தபால்காரர் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மாப்பிள்ளைதான். எனக்கு மட்டும் காது மடல் சுட்டது. கடையின் பெயர் போட்ட சட்டை அந்த முதுகில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊர் மொத்தமும் சாலையோரம் நின்று பார்க்கும். அது ஒன்றுதான் என் கண்முன் நின்றது.

மெக்கானிக் சரியாகத்தான் சொன்னான். அகலமான ரிம், உள்ளே இரட்டைச் சுவர் வைத்ததாக வேண்டும். இருபத்தெட்டு கம்பி போதாது, முப்பத்தாறு வேண்டும், அதுவும் தடித்த கம்பி. டயர் பருமனாக இருக்கட்டும். ஆள் பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குவதால் அதைப் பார்த்துக் கட்ட வேண்டும். நான் தலையாட்டினேன். நானே கட்டுகிறேன் என்றேன்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் திருப்புளியைக் கீழே வைத்து வெகு காலம் ஆகியிருந்தது. அவள் கணவரை நான் மனதார வீட்டு ஆளாக ஏற்றுக்கொண்டதாக எண்ணிக்கொண்டாள்.

சாமான் எதிலும் நான் கை வைக்கவில்லை. மெக்கானிக் சொன்ன ரிம், சொன்ன கம்பி, எண்ணிக்கையும் அதேதான். ஆனால் சக்கரத்தின் பலம் சாமானில் பாதி, முறுக்கில் பாதி. எல்லாக் கம்பியும் ஒரே விறைப்பில் இழுத்துக்கொண்டு நின்றால் யானை ஏறினாலும் தாங்கும். முறுக்கைக் குறைத்து வைத்துவிட்டுக் கோட்டம் மட்டும் எடுத்தால், சுற்றிவிட்டுப் பார்க்கும்போது ஆடாமல் அசையாமல் அழகாகச் சுற்றும். விரலால் கம்பியைத் தட்டிப் பார்ப்பவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மெக்கானிக் தட்டக் கை நீட்டினான். நான் கட்டியதை நீ சோதிக்கிறாயா என்று கேட்டேன். கையை எடுத்துக்கொண்டான். அவன்மேல் குற்றம் இல்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். கட்டிய சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, கட்டியவர் ரிம்மின் மேல் ஏறி நிற்பார். கோணாமல் இருந்தால்தான் வண்டியில் மாட்டுவோம். நான் ஏறி நின்றேன். கோணவில்லை. என் உடம்புக்குக் கோணாது.

"மாமா, நீங்க ஏறினா காக்கா உக்காந்த கணக்கு" என்றார் மாப்பிள்ளை. "ஓட்டப் போறவன் நான்தானே. நான் ஏறிப் பாக்கட்டுமா?"

ஒரு காலைத் தூக்கியும்விட்டார். ஏறியிருந்தால் அது அங்கேயே மடங்கியிருக்கும். எல்லாரும் சிரித்திருப்பார்கள். அதை நினைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், என் வேலையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"அது கட்டினவங்க செய்யற வேலை, மாப்பிள்ளை" என்றேன். மரியாதை தெரிந்தவர். காலைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. புறப்படும் இடத்தில் சரளைக் கல் மைதானம் இருக்கிறது. அங்கேயே சக்கரம் மடங்கும், எடைக்கு இது ஒத்துவராது என்று நாலு பேர் சொல்வார்கள், வண்டியை விற்றுவிட்டு வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் என் கணக்கு.

மைதானத்தில் மடங்கவில்லை. ஏற்றத்திலும் மடங்கவில்லை. நான் ஜீப்பில் முன்னால் போய் மேலே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் கடைசியாக, வியர்வையில் குளித்து, மாப்பிள்ளை ஏறி வந்தார். ஊரே கை தட்டியது. மகள் தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் பின்சக்கரத்தைத் தட்டிக்கொடுத்து, "கல்லு மாதிரி நிக்குது மாமா" என்றார்.

அவர் தண்ணீர் குடிக்கும்போது குனிந்து கம்பியைத் தொட்டேன். பாதிக் கம்பி நான் விட்டதைவிடவும் இளகியிருந்தது. அதற்கு அப்பால் இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. வளைவில் சாய்க்கும்போது பின்சக்கரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. இறங்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். எங்கள் கடைச் சக்கரம் சரியில்லை என்று அத்தனை பேர் நடுவில் என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

"பாத்துப் போங்க மாப்பிள்ளை" என்றேன்.

மூன்றாவது வளைவில் போய்விட்டார். கீழே இறங்கி அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாரத்தை என் தோள் அறியும்.

துக்கத்துக்கு வந்த யாரோ சக்கரத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் மகள் எழுந்து நின்றாள். "எங்கப்பா கட்டின சக்கரம் அது. அதப் பத்தி யாரும் பேசாதீங்க" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். நான் நகரவில்லை. அவளைத் தொடவும் இல்லை. அன்றிலிருந்து என்னால் அவளோடு ஒரே அறையில் இருக்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிக் கை நடுங்குகிறது, அதனால்தான் முறுக்கு சரியாக விழவில்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அது உண்மை இல்லை. என் கை நடுங்கவில்லை.