ருசி பார்த்தவர் கையெழுத்து

மதியச் சாப்பாட்டை நான் பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிடுவேன். வயிற்றுக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் அது என் வேலை, இன்ஸ்பெக்டர் சார். பன்னிரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சோறு அனுப்பும் மையச் சமையல்கூடத்துக்கு நான்தான் மேற்பார்வையாளர். வேன் கிளம்புமுன் ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் நானே.

முன்பு அப்படி இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் முதலில் சாப்பிட்டுப் பார்ப்பார். அரை மணி நேரம் பொறுத்துத்தான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவார்கள். அதற்குள் சோறு ஆறிப்போய், பாதி குப்பைக்குப் போகும். பன்னிரண்டு பேர் எதற்கு, ஒரே நாக்கு போதும் என்று எழுதிக் கொடுத்தேன். பருப்பை முந்தின நாள் சாயங்காலமே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் நான்கு ஆட்களைக் குறைக்கலாம் என்றும் எழுதினேன். இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனேன், காட்டுவதற்கு ஆள் இல்லை.

கொரோனாவில் என் மனைவி வடிவாம்பாள் போய்விட்டாள். அதே காய்ச்சலோடு என் மூக்கும் நாக்கும் போயின. கருவாடும் சாம்பிராணியும் எனக்கு ஒன்றுதான். இதை வெளியே சொல்லியிருந்தால் ருசி பார்க்க வேறொருவரை உட்காரவைத்திருப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சமையல்காரர் சந்திரலேகா இலை போட்டு, சோறு வைத்து, பக்கத்திலேயே நிற்பார். "உப்பு போதுங்களா சார்? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்பார். நாள் முழுக்க என்னிடம் யாரும் எதுவும் கேட்பது அப்போது மட்டும்தான். ருசியை நான் அவர் முகத்தில் பார்த்துக்கொள்வேன். அவர் முகம் தெளிவாக இருந்தால் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருஷம் இதில் ஒரு குறையும் வரவில்லை.

அன்று முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். முதல் வாய் வைத்ததுமே, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சந்திரலேகா என்னையே பார்த்தார்.

"புளிச்ச வாடை அடிக்குதே சார், ஒங்களுக்குத் தெரியலையா? ராத்திரி பூரா கரண்டு இல்ல. கொட்டிட்டு ரசம் வச்சுருவோம். அரை மணி நேரம் ஆவும், அவ்வளவுதான்."

சொன்ன சொல்லை மாற்றினால் மூக்கு போன கதை வெளியே வந்துவிடும். மறுநாளிலிருந்து எனக்கு இலை இல்லை. "ஒங்களுக்குத்தாம்மா சளி புடிச்சிருக்கு" என்று சிரித்து, இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன். கையெழுத்துப் போட்டேன். வேன்கள் கிளம்பின.

குரும்பகரம் பள்ளியில் மட்டும் முப்பத்தொரு பிள்ளைகள் விழுந்தார்கள். நானும் விழுந்தேன், அதில் நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் பிள்ளைகள் வார்டிலேயே ஓரமாக எனக்கு ஒரு கட்டில் கொடுத்தார்கள். அடுத்த கட்டிலில் எழில்மதி, இரண்டாம் வகுப்பு. அவள் அம்மா அல்லி மகளுக்குக் கொண்டுவந்த கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்.

"எங்க புள்ளைங்க சாப்புட்டதத்தானே நீங்களும் சாப்புட்டீங்க. குடிங்க சார்" என்றார்.

வேளை தவறாமல் ஊற்றினார். சூடு தணிந்ததா என்று டம்ளரைத் தொட்டுப் பார்த்துக் கொடுத்தார். மறைக்க என்ன இருக்கிறது, அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தக் கட்டிலில் படுத்தபடிதான் உங்கள் ஏட்டிடம், சமையல்காரர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக்கொடுத்தேன். அதை வைத்துத்தான் சந்திரலேகாவைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். நான் எழுதியது பொய். அவர் சொன்னார். கெட்டுப்போனது என்று தெரிந்தே நான்தான் அனுப்பினேன். அவரை விட்டுவிடுங்கள்.

எழில்மதி மூன்றாம் நாள் மத்தியானம் இறந்துபோனாள். அல்லி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என் கட்டிலைத் தாண்டித்தான் போனார். சாவு காரியத்துக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு நாள் பழகியிருக்கிறோம். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.