மாசிச் சம்பல்

பாசிக்குடா பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர், ஒரே ஹோட்டல் சீருடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர், தான் முன்பு வேலை செய்த சரக்குக் கப்பலை நடுக்கடலில் ஆயுதக்காரர்கள் பிடித்த கதையைச் சொல்லி முடித்தார். மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

“உங்கட கப்பலப் புடிச்ச கப்பல்ல நான்தான் குசினிக்காரன்.”

“கொள்ளைக்காரனோடயா இருந்தீங்க?”

“கொள்ளை இல்ல. தனியாள்ர கப்பல்தான். ஆனா எதிரி நாட்டுச் சரக்குக் கப்பலப் புடிக்க அந்தக் கப்பல்ர நாட்டு அரசாங்கமே அனுமதி குடுத்திருந்திச்சி. மாசக்கணக்கா கடலப் பாத்துக்கிட்டுக் கிடப்பம். கப்பல் அம்புட்டா, புடிபட்ட ஆக்களுக்கும் நான்தான் சோறாக்கணும்.”

“ம்.”

“நீங்க நம்மட ஊர்ப் பேச்சில அழுதது குசினிக்குள்ள கேட்டிச்சி. வெளிய வந்து பேச விடமாட்டாங்க. அதான் நம்மட ஊர்ல மாதிரி மாசிக் கருவாடு போட்டு மாசிச் சம்பல் இடிச்சு உங்கட சோத்தோட வச்சு அனுப்பினன். பயப்படாம இருக்கட்டும் எண்டு.”

ஜன்னலோரத்தவர் வெளியே வயலைப் பார்த்தபடியே சொன்னார்:

“அதத் திண்ட பிறகுதான் எனக்குப் பயமே வந்திச்சி. நம்மட ஆளும் அவங்களோட நிக்கிறான், இனி ஆருக்கிட்டச் சொல்லி அழுற எண்டு.”