பாப்பா வரும் நாளில் சிவப்பு பல்பு எரியாது

டீ வேண்டாம் சார். வெறும் வயிற்றில் டீ குடித்தால் எனக்குப் புளித்த ஏப்பம் வரும். நீங்கள் குடியுங்கள், ஆறிப்போகும்.

பிச்சமுத்து கரண்ட் அடித்துச் செத்த விஷயமாக அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அதில் பாதி சரி. மீதியைச் சொல்லிவிடலாம் என்று வந்தேன். என்னை யாரும் அனுப்பவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, வந்துவிட்டேன்.

உத்தமர்சீலி தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்த வாழைத்தோட்டத்தில் எனக்குக் காவல் வேலை. தண்ணீர் பாய்ச்சுவதும் பக்கக்கன்று வெட்டுவதும் தார் வெட்டும் அன்று லாரிவரை சுமப்பதும் அதோடு சேர்ந்ததுதான். முதலாளி தில்லை நகரில் இருக்கிறார். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பவித்ரா என்று ஒரு மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். தீபாவளிக்குப் போன் பேசுவாள். எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. அவளுக்கும் இருக்காது.

கொள்ளிடத்துக் கோரைக்குள் காட்டுப்பன்றி உண்டு. இருட்ட ஆரம்பித்ததும் கரையேறி வந்து வாழைக்கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். அதற்காக முதலாளி தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வெறும் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தார். சட்டப்படி தப்புதான். கொட்டகைச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு. கம்பிக்கும் பல்புக்கும் ஒரே சுவிட்சு. பல்பு எரிந்தால் கம்பியில் கரண்ட் ஓடுகிறது, கிட்டே போகாதே. எரியாவிட்டால் போகலாம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் இது பழக்கம். யாரும் கம்பியைப் பார்க்க மாட்டார்கள். பல்பைப் பார்ப்பார்கள், காலை வைப்பார்கள்.

சுபஸ்ரீ பாப்பா முதலில் அங்கே வந்தது போன வருஷம் தை மாதம். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கரைமேல் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை விரித்தது. நான் அரிவாளும் கையுமாகப் போனேன்.

"சர்வேக்கு வந்திருக்கீங்களா? இது பட்டா நெலம். ரோடு கீடு போட விடமாட்டோம்."

"ஐயோ அண்ணே, அருவாளக் கீழ போடுங்க. நான் நெலத்த அளக்க வரலை. ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடறேன்."

"எதை?"

"அதை" என்று மேலே கையைக் காட்டியது. மேலே ஒன்றும் இல்லை. வானம்தான் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் அம்மாவோடு இருக்கிற பெண். திருச்சியில் ஒரு காலேஜில் வானியல் ஆராய்ச்சி. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நட்சத்திரத்து வெளிச்சத்தைக் கணக்குப் போடுவதுதான் வேலை என்றும், நிஜ நட்சத்திரத்தைப் பார்க்க நேரமே கிடைப்பதில்லை என்றும் சொன்னது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது வேலை முடிந்து இங்கே வந்துவிடும். கரைமேல் நின்றால் மேற்கே ராஜகோபுரம் விரல் அளவுக்குத் தெரியும். கிழக்கே தெருவிளக்கு கிடையாது. கேமராவைத் திருகி வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கும். எலுமிச்சை சாதத்தில் பாதி எனக்கு. அப்படி எனக்கு யாரும் சோறு போட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

முதல் நாளே, "அண்ணே, அந்த பல்பு படத்துல விழுது. அணைக்க முடியுமா?" என்று கேட்டது. நான் சுவிட்சை இறக்கினேன். பல்பும் அணைந்தது, கம்பியிலும் கரண்ட் நின்றது. பாப்பா கிளம்பிய பிறகு ஏற்றிவிட்டேன். அதுவே முறையாகிவிட்டது. பாப்பா வரும் நாளில் சிவப்பு பல்பு எரியாது என்று அந்தப் பக்கம் நடக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

நடக்கிறவர்கள் என்றால் பெரும்பாலும் பிச்சமுத்துதான். தோட்டம் தோட்டமாக இலை அறுத்து காந்தி மார்க்கெட்டுக்குப் போடுகிறவன். பொழுது சாயும்போது தலையில் இலைக்கட்டோடு எங்கள் தோட்டத்தைக் குறுக்கே வெட்டிக் கரையேறுவான். தலையில் சுமை இருப்பதால் கம்பியைத் தாண்ட மாட்டான். பல்பு எரியாத நாளில் வெறுங்காலால் அதை அழுத்தி மிதித்துக்கொண்டு ஏறுவான். நல்ல மனுஷன். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"பாப்பா, நெலாவ எடுக்கற, கோபுரத்த எடுக்கற. ஒரு நாளு என்னை எடு. நான் இலைதான் அறுக்கறேன்னு எம் பொண்டாட்டி சந்திரம்மா நம்ப மாட்டேங்குறா."

"ஆடாம நிக்கணும் பிச்சமுத்தண்ணே. முப்பது செகண்டு."

"முப்பது செகண்டா? எங் கல்யாணத்தன்னிக்கே நான் அவ்வளவு நேரம் சும்மா நிக்கலை."

பாப்பா எடுத்தது. இலைக்கட்டு தெளிவாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே பிச்சமுத்து புகை மாதிரி இருந்தான். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் பாப்பாவின் அம்மா பானுமதி ஆட்டோவில் வந்து இறங்கினார். இருட்டில் இந்தப் பெண் எங்கே போகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். என்னைக் காட்டி, யார் இவர் என்று கேட்டார். "செல்லக்கண்ணு பெரியப்பாம்மா. இவர் இருக்காருன்னுதான் நான் தைரியமா வரேன்" என்றது பாப்பா. அதுவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பெரியப்பா. நான் அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை சார். அதுவாகச் சொன்னது.

பாப்பாவுக்கு ஊர் சுற்றுகிற ஆசை உண்டு. லீவு கிடைத்தால் கொடைக்கானல் போகும். லடாக் போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு, எனக்குக் குரங்குக் குல்லாய் ஒன்று வாங்கி வந்தது. அது இல்லாத நாட்களிலும் நான் பொழுது சாய்ந்தால் சுவிட்சை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கரைமேல் உட்கார்ந்திருப்பேன். பன்றி வந்து கிழங்கைத் தின்னும். முதலாளி திட்டுவார். திட்டட்டும்.

ஆவணி மாதம் பாப்பா இனிப்பு டப்பாவோடு வந்தது.

"பெரியப்பா, எனக்கு வேலை கெடைச்சிருச்சு. சிலியில."

"அது எங்கம்மா இருக்கு?"

"பூமிக்கு அந்தப் பக்கம். மலை மேல பெரிய தொலைநோக்கி. மூணு ஃப்ளைட் மாறணும்."

"எப்பத் திரும்புவ?"

"ரெண்டு வருஷம். அப்புறம் அங்கேர்ந்தே வேற எங்கயாச்சும்." கொள்ளிடம் பக்கம், கோரைக்கு மேலே தாழ்வாக நிற்கிற துருவ நட்சத்திரத்தைக் காட்டி, "அங்க போயிட்டா இதுகூடத் தெரியாது பெரியப்பா. வானமே வேற!" என்றது. அவ்வளவு சந்தோஷமாக அதை நான் பார்த்ததில்லை.

நான் இனிப்பை எடுத்துக்கொண்டேன்.

வயசுப் பெண். அவ்வளவு தூரம். சோற்றுக்கு என்ன செய்யும், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது. அம்மாவும் போகாதே என்றார்தான், வாயால் சொல்வதோடு சரி. நான் சொல்லிப் பார்த்தேன். "வீடியோ கால்ல பேசுவேன் பெரியப்பா" என்றது. என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது.

தார் ஏற்ற வருகிற லாரி டிரைவர் ஷேக் தாவூது ஒரு நாள் அவர் மகன் கதையைச் சொன்னார். "ஹாலித்து மேல ஒரு கேஸு இருக்குல்ல, பாஸ்போர்ட்டக் கோர்ட்டுல வாங்கி வெச்சுட்டாங்க. துபாய் போச்சு. இப்ப வீட்டோட கெடக்கறான். அவங்கம்மாவுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், வெளிய காட்டிக்க மாட்டா." நான் கேட்டுக்கொண்டேன். கேஸ் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, பாஸ்போர்ட் உள்ளே போனால் போதும் என்று தெரிந்தது.

திட்டம் போட்டேன் என்று எழுதாதீர்கள். கொஞ்ச நாள் யோசித்தேன், அவ்வளவுதான். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. முதலாளி அந்தக் கம்பிக் கிட்டேயே வருகிற ஆள் இல்லை. அந்த நேரத்தில் அந்த வழியாக வருகிறவன் பிச்சமுத்து ஒருவன்தான். அவனிடம் எனக்கு எந்த விரோதமும் இல்லை. இதை சந்திரம்மாளிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் வால் நட்சத்திரம் ஒன்று வந்தது. பொழுது விழுந்ததும் மேற்கே, கோபுரத்துக்கு மேலே கொஞ்ச நேரம் தெரியும் என்று பாப்பா சொல்லியிருந்தது. ஊரைவிட்டுப் போவதற்கு முன் அந்தப் படம் கட்டாயம் வேண்டுமாம். பாட்டரி கெட்டுப்போனதால், கொட்டகை பிளக்கிலிருந்து கரைவரை வயர் இழுத்து வைத்துக்கொண்டது. நீளம் போதாமல் இரண்டு வயரை ஒட்டுப்போட்டு, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. காலையிலேயே நான் பிச்சமுத்து கம்பியை மிதித்துக் கரையேறுகிற இடத்துப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிவிட்டிருந்தேன். அது அந்தப் பாத்தியின் முறை நாள் இல்லை.

"பெரியப்பா, பல்பு" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தது.

நான் கொட்டகைக்குப் போய் பல்பை மட்டும் கழற்றினேன். துண்டால் பிடித்துத்தான் கழற்றினேன், சூடாக இருந்தது. சுவிட்சைத் தொடவில்லை.

"அணைச்சுட்டேன் பாப்பா."

பிச்சமுத்து வந்தான். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். "என்ன பாப்பா, உன் நட்சத்திரத்துக்கு வால் மொளைச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கம்பிமேல் காலை வைத்தான். கத்தவில்லை. இலைக்கட்டு விழுந்த சத்தம்தான் கேட்டது.

பாப்பா ஓடி வந்தது. அவனைத் தொடவிடாமல் பிடித்து நிறுத்தியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மெயினை இறக்கிவிட்டு வருகிறேன், இங்கேயே நில் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தேன். ஓடியிருக்கலாம்.

அங்கே போனில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஆம்புலன்ஸைக் கூப்பிட பாப்பா ரோட்டுக்கு ஓடியது. அது திரும்பி வருவதற்குள் வயரின் ஒட்டை இழுத்து வந்து டேப்பைப் பிரித்தேன். நன்றாக இறுக்கித்தான் சுற்றியிருந்தது, நகத்துக்கு வரவில்லை, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. பிரித்த இடத்தை அவன் காலுக்கடியில் வைத்தேன். கம்பி சுவிட்சை இறக்கிவிட்டு, பல்பைத் திரும்ப மாட்டினேன். அந்த டேப் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள்.

பாப்பாவின் வயரை மிதித்துவிட்டான் என்று உங்களிடம் சொன்னேன். பன்றிக் கம்பியா என்று நீங்கள் கேட்டபோது பாப்பாவே பதில் சொன்னது: "அதுல கரண்ட் இல்லை சார், பல்பு அணைஞ்சிருந்துச்சு. என் வயர்தான்." அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றும் சொல்லவில்லை. விடிவதற்குள் முதலாளி கம்பியையெல்லாம் உருவி எடுத்துப் போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஷாக் அடித்து விழுவான், ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடப்பான், ஒரு கேஸ் ஆகும் என்றுதான் நினைத்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு முந்தின வாரம் அதே கம்பியில் பட்டுச் செத்த பன்றியைக் குழி வெட்டிப் புதைத்தவன் நான். பிச்சமுத்துவைவிட இரண்டு பங்கு இருந்தது. ஆகவே, செத்துவிடுவான் என்று தெரிந்துதான் செய்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட் கோர்ட்டுக்குப் போனது. தினமும் காலையில் இங்கே கையெழுத்துப் போட வந்தபோதெல்லாம், திரும்பும் வழியில் தோட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகும். முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். கேமராவையும் வீட்டில் வைத்திருந்த சின்னத் தொலைநோக்கியையும் விற்று சந்திரம்மாளிடம் கொடுத்துவிட்டது. சந்திரம்மாள் இப்போது இலை அறுக்கப் போகிறாள். அவள் கட்டு கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

கையெழுத்துப் போட வேண்டாம் என்று கோர்ட்டில் தளர்த்திய பிறகு பாப்பா வரவில்லை. போன வாரம் நானே ஸ்ரீரங்கம் போனேன். பானுமதி அம்மா கதவைத் திறந்தார். "ஜன்னலைக்கூடத் தொறக்க விடமாட்டேங்கறா. வானம் தெரியக் கூடாதாம். நீங்களாவது சொல்லுங்க" என்றார். பாப்பா உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தது.

"பெரியப்பா, நான் டேப்பை நல்லாத்தானே சுத்தினேன்? நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் கவனிக்கலையே பாப்பா" என்றேன்.

திரும்பி வரும்போது அது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்படி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவதற்காகவா அதை நிறுத்தி வைத்தேன்? அந்த சிலி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. வாசலில் செருப்புப் போடும்போது பானுமதி அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இனி சொல்வதில் தடை இல்லை என்று வந்தேன்.

கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன். நாற்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்டது, கொஞ்சம் நேரமாகும்.

கேட்டதும் பாப்பாவுக்குக் கோபம்தான் வரும். வரட்டும். பிறகு நிதானமாக யோசித்துப் பார்க்கும். பெற்ற அம்மாவே வழியனுப்பத் தயாராக இருந்தபோது, போகவிடாமல் காப்பாற்றியது யார் என்று அதற்கே புரியும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் சார். என்னைத் திருச்சி ஜெயிலிலேயே வைக்கச் சொல்லுங்கள். கடலூர், வேலூர் என்று அனுப்பிவிட்டால், வாரா வாரம் மனுப் போட்டு என்னைப் பார்த்துப் போக பாப்பா ரொம்பச் சிரமப்படும்.