தலையாட்டும் பவளம்

கல் பவளத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், மேடம். நீங்களும் நேற்று என் வீட்டுக்குள் வந்ததும் அதைத்தான் பார்த்தீர்கள். ஹாலில் ஒரு மனிதர் நாற்காலியில் இறந்துகிடக்கிறார்; உங்கள் கண் என் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குப் போனது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நிறம் முக்கியமில்லை. இடைவெளிதான் முக்கியம். பார்க்க அவை சாதுவான கற்கள் மாதிரி உட்கார்ந்திருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு கூட்டுக் குடும்பம். ஆயிரம் வாய், ஒரே எலும்புக்கூடு. பக்கத்துக் குடும்பம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தால் கொட்டியே கொன்றுவிடும். அதனால் தொட்டியில் பாறைகளை அடுக்கும்போதே யார் எங்கே, யாருக்கு எவ்வளவு வெளிச்சம், யார்மேல் எவ்வளவு அலை என்று முடிவு செய்துவிட வேண்டும். மான்கொம்புப் பவளம் மேலே, விளக்குக்கு அருகில். மூளைப் பவளம் கீழே, மணலில். மூளை உள்ளவர்களை எல்லா இடத்திலும் அங்கேதான் வைக்கிறார்கள். டார்ச் பவளம் தனியாக ஒரு மூலையில். அதற்கு நீள நீளமாக விரல்கள், நுனியில் மஞ்சள் பொட்டு. அழகான பிராணி. அழகானவர்களுக்கு உள்ள எல்லாக் குணமும் உண்டு.

நேற்று உங்களிடம் இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. வருகிறேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

என் மாமனார் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஆயுள் விசில் ஊதினார், மீதி நேரத்தில் பீடி ஊதினார். நுரையீரல் இரண்டும் ஒரே நாளில் ராஜினாமா செய்தது மாதிரி ஆகிவிட்டது. போன வருடம் எங்களோடு வந்து தங்கினார். அவரோடு ஒரு மெஷினும் வந்தது. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு நீளமான குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரன்ட்டில் ஓடுகிறது. மெஷின் ஓடினால் மாமா ஓடுவார். நின்றால் கொஞ்ச நேரம்தான் தாங்குவார் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

குழாய் எட்டும் தூரத்தில் பார்க்க நன்றாக இருந்த ஒரே பொருள் என் தொட்டி. காலையில் அதன் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான்.

“என்ன மாப்பிள்ளை, பாதி சீட்டு காலியா ஓட்டுறீங்க? டிப்போல கேள்வி கேப்பாங்களே.”

“அந்த இடைவெளி இருக்கணும் மாமா. இல்லன்னா ஒண்ண ஒண்ணு கொட்டிக்கும்.”

“அது எல்லா வண்டிலயும் நடக்கறதுதான். இன்னும் நாலு பேர ஏத்தலாம். ஏய், மஞ்சப் பொட்டு, உள்ள தள்ளிப் போ.”

என் மனைவி சமையலறையிலிருந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். மாமனார் ஜோக் அடித்தால் சிரிப்பது மாப்பிள்ளை உத்தியோகத்தில் சேர்ந்தது.

அவருக்கு டார்ச்சைத்தான் பிடிக்கும். அலை மோட்டார் தண்ணீரைத் தள்ளும்போது அதன் விரல்கள் மொத்தமாகக் குனிந்து நிமிரும்.

“பாருங்க, எனக்குத் தலையாட்டுது.”

“அது ஆட்டல மாமா. தண்ணி ஆட்டுது. மோட்டார நிறுத்தினா சும்மா தொங்கிடும். புதுசா வளக்கறவங்க எல்லாருமே இப்படித்தான் ஏமாறுவாங்க.”

“இருக்கட்டுமே. டிக்கெட் எடுத்தியான்னு கேட்டா பஸ்ல அத்தன பேரும் தலையாட்டுவான். எடுத்திருக்க மாட்டான். ஆனாலும் ஆட்டுனா ஒரு சந்தோசம்தான்.”

ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் சட்டைக் கை தோள் வரை நனைந்திருந்தது. டார்ச் இடம் மாறியிருந்தது.

“அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. திருப்பி விட்டேன்” என்றார்.

அந்த வாரத்துக்குள் டார்ச்சின் விரல்கள் மான்கொம்பை எட்டிவிட்டன. மான்கொம்பில் ஒரு கிளை சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. வெளுத்தால் செத்தது என்று அர்த்தம். குச்சியிலிருந்து நானே வளர்த்தது. ஒரு விரல் அளவு வளர ஒரு வருடம் எடுக்கும். கோபப்படுகிற ஆள் இல்லை நான். அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். செத்த கிளையை ஒடித்து அவர் கண்ணில் படுகிற மாதிரி டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை எடுத்துக் காது குடைந்தார்.

பிறகு என் மனைவி கட்டில் விஷயத்தை ஆரம்பித்தாள்.

“அப்பாவால இனி அந்த ரூமுக்கும் ஹாலுக்கும் நடக்க முடியாது. கட்டில இங்க போடணும். தொட்டி இருக்கற சுவர் வேணும்.”

“வேற சுவர் இல்லையா?”

“ப்ளக் பாயின்ட் அங்கதான இருக்கு. உப்புக்காரர்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்னுட்டார்.”

உப்புக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். கடல் உப்பும் பவளமும் விற்கிற கடைக்காரர். அவரிடம் என் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறாள். நான் வாயைத் திறக்கும் முன் மாமா பேசினார்.

“தொட்டி இருக்கட்டும்மா. எனக்கு வேற என்ன டிவி? வேணும்னா கட்டில வெளிய போடு.”

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் முடிவை மாற்றவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். தொட்டி இருக்கட்டும் என்று சொன்னது அவர். நான் இல்லை.

சிலிண்டர் பற்றிக் கேட்டீர்கள். உண்டு. கரன்ட் போனால் அவசரத்துக்கு என்று ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தோம். போன முறை கரன்ட் போனபோது தீர்ந்துவிட்டது. நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி வியாழக்கிழமை என் மனைவி அதை என் காரில் ஏற்றினாள். நிரப்புகிற இடத்துக்குப் போகிற வழியில்தான் உப்புக்காரர் கடை. தொட்டியை எடுக்க வரவேண்டாம் என்று சொல்லத்தான் இறங்கினேன். ஒரு பவளத்தோடு வெளியே வந்தேன். குடிக்கிறவர்களுக்கு இது புரியும். தங்க நிறத்தில் இரட்டைத் தலை டார்ச், இந்த ஊரிலேயே வேறு யாரிடமும் இல்லை. பவளத்தைப் பையில் போட்டுக் காரில் அலைய முடியாது, தண்ணீர் சூடாகிவிடும். ஆகவே நேராக வீட்டுக்கு வந்தேன்.

“சிலிண்டர் என்னாச்சு?” என்று அவள் கேட்டாள்.

“வண்டியில இருக்கு” என்றேன்.

வண்டியில்தான் இருந்தது. நீங்களே பார்த்தீர்கள்.

சனிக்கிழமை மதியம் பெரிய காற்று. தெருமுனையில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. என் மனைவி கடையில் இருந்தாள். அவள் மொபைல் கடையின் மேலாளர், சனிக்கிழமை வியாபாரம் அதிகம். வீட்டில் நானும் மாமாவும்தான். இன்வெர்ட்டர் உடனே ஓட ஆரம்பித்தது. நான் திருத்த வேண்டியது இதைத்தான். அது நன்றாகவே வேலை செய்தது. பேட்டரி பழையது, அவ்வளவுதான். தொட்டியும் மெஷினும் சேர்ந்து இழுத்தபோது, லோடு அதிகம் என்று கத்தியது. அப்படியே விட்டால் மொத்தமாக நின்றுவிடும். இரண்டில் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

நான் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் மேற்பார்வையாளர். எதில் எவ்வளவு லோடு என்பது எனக்கு மனப்பாடம். நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொள்கிறவர்களிடம் போனில் பேசுவதும் என் வேலை. எல்லோரும் மூச்சு முட்டுகிறது என்பார்கள். முட்டாது. லிஃப்டில் காற்று தாராளமாக உண்டு, பயம்தான் முட்டும். குரலைத் தாழ்த்தி, நிதானமாக, பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். இத்தனை வருடத்தில் என் குரலைக் கேட்டு யாரும் செத்ததில்லை.

அந்தக் கணக்கில்தான் யோசித்தேன். மாமாவுக்கு ஒரு ஹால் நிறையக் காற்று இருக்கிறது. பவளத்துக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டித் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. அலை நின்றால் தண்ணீரில் காற்று சேராது, ஒன்று செத்து அழுகினால் அந்த அழுகலில் மற்றவையும் போகும். மாமா ஒருவர். அவை, வாயை எண்ணினால், ஒரு நகரம். மாமாவுக்குச் சொன்னால் புரியும். பவளத்திடம் சொல்ல முடியாது.

அதனால் அவரிடம்தான் கேட்டேன். கேட்காமல் எதையும் செய்யவில்லை.

“மாமா, கொஞ்ச நேரம் சமாளிச்சுக்குவீங்களா? கரன்ட் வந்துரும்.”

மெஷின் ப்ளக்கைக் கழற்றிக்கொண்டே கேட்டேன் என்பது உண்மைதான். கையில் வேலை இருந்தது.

அவர் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையாட்டினார்.

நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை மாப்பிள்ளைகள் அதைச் செய்வார்கள்? பதறாதீங்க மாமா, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க என்று சொன்னேன். யாரும் வந்துகொண்டிருக்கவில்லை, அது பேச்சு வழக்கு. நடுவில் அவர் வாசல் பக்கம் கையைக் காட்டி, “வண்டி... சிலிண்டர்...” என்றார்.

“அது காலி மாமா. நிரப்பல” என்றேன்.

அந்த நேரத்தில் ஒரு மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகுதான் கூப்பிட்டேன். கம்பெனியின் வழக்கமும் அதுதான்: முதலில் ஆளை அமைதிப்படுத்து, அப்புறம் போன். அவர் அமைதியான பிறகு கூப்பிட்டேன்.

எதிர்வீட்டு டெய்லரம்மா உங்களிடம் சொன்னதாகச் சொல்கிறீர்கள்: தெரு முழுக்க கரன்ட் இல்லை, எங்கள் ஜன்னலில் மட்டும் நீல வெளிச்சம் என்று. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஊசியில் நூலைக் கோத்தபடியே ஒரு தெருவையே பார்க்கிற பெண்மணி. அலை மோட்டாருக்கு விளக்கு எதற்கு என்று நீங்கள் கேட்டதும் நல்ல கேள்வி. என் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. ஆமாம், தொட்டியில் லோடு முழுக்க அந்த விளக்குதான். மோட்டார் ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். விளக்கை அணைத்திருந்தால் மோட்டாரும் மெஷினும் சேர்ந்தே ஓடியிருக்கும். சாயங்காலம் கரன்ட் வரும் வரை ஓடியிருக்கும்.

தெரியும், மேடம். அப்போதே தெரியும்.

ஆனால் விளக்கை அணைத்தால் டார்ச் விரல்களைச் சுருக்கிக்கொள்ளும். தங்க டார்ச் வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாக விரிந்திருந்தது. அதை மாமா பார்க்கட்டும் என்றுதான் விட்டுவைத்தேன். அவருக்காகத்தான்.

நீங்கள் என்னை இங்கே அழைத்து வந்த பிறகு என் மனைவி தொட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாளாம். கான்ஸ்டபிள் சொன்னார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லையாம். பிடுங்கிவிட்டு, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தொட்டி இருட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அவள் துக்கத்தில் இருக்கிறாள், நான் குறை சொல்ல விரும்பவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அவ்வளவு உயிர்கள். நேரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது என்றால், அது எப்படிப்பட்ட மனசு?

கொலை என்று எழுதுவீர்களோ கவனக்குறைவு என்று எழுதுவீர்களோ, அது உங்கள் உத்தியோகம். கழற்றியது நான், காலி சிலிண்டரை வண்டியிலேயே விட்டது நான், விளக்கை அணைக்காதது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாரே, மூச்சுக்குத் திணறுகிறவருக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் தலை தானாக ஆடும், அதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது என்று. அவர் என் மாமாவைப் பார்த்தது பிணமாகத்தான். நான் அவரோடு ஒரு வருடம் இருந்தவன். எனக்குத் தெரியாதா?

நான் கேட்டேன், அவர் தலையாட்டினார். ஒரு தடவை இல்லை, மேடம். கடைசி வரைக்கும் ஆட்டிக்கொண்டேதான் இருந்தார்.